மலை ஏறிய மிமியும் டூட்டூவும்

பிக்கப் வண்டி வாங்கப் போறவங்க தவறாம கேட்கிற கேள்வி ஒண்ணு உண்டு. "இது எவ்வளவு எடையை இழுக்கும்?" டொயோட்டா ஹைலக்ஸ், ஃபோர்டு ரேஞ்சர், இசுசு டி-மேக்ஸ் மாதிரி நடுத்தர பிக்கப்புகளுக்குப் பல நாடுகளில் 3,500 கிலோ என்று கையேட்டில் போட்டிருக்கும். பக்கத்திலேயே சின்ன எழுத்தில், "டிரெய்லருக்குத் தனி பிரேக் இருந்தால்" என்று இன்னொரு வரியும் இருக்கும். அந்தச் சின்ன எழுத்துலதான் விஷயமே இருக்கு. சமதளத்துல எதையும் இழுத்துடலாம். ஏத்தத்துல கூட முக்கி முனகி இழுத்துடலாம். இறக்கத்துல பின்னாடி வர்ற படகு நம்ம வண்டியைத் தள்ள ஆரம்பிச்சா என்ன பண்றது?

நம்ம ஊர் தேர் ஓட்டத்தைப் பார்த்தவங்களுக்கு இது புதுசு இல்லை. வடம் பிடிக்க ஆயிரம் பேர் வருவாங்க. ஆனா தேரோட உயிர், சக்கரத்துக்கு அடியில முட்டுக்கட்டை போடற நாலு பேர் கையில இருக்கும்.

சரி, மேட்டருக்கு வருவோம். 1915-ல் நாலு டன்னுக்கு மேல் எடையுள்ள இரண்டு படகுகளை ஆப்பிரிக்காவின் நடுவே ஒரு மலைத்தொடரைத் தாண்டி இழுத்துக்கொண்டு போனார்கள். பிக்கப்பும் கிடையாது, ரோடும் கிடையாது. அந்தக் கதைதான் இது.

முதல் உலகப் போர் என்றதும் நமக்கு பிரான்ஸ் பதுங்குகுழிகள்தான் ஞாபகம் வரும். ஆப்பிரிக்காவிலும் அதே போர் நடந்தது. தங்கனீக்கா ஏரி, வடக்கு தெற்காகச் சுமார் 670 கிலோமீட்டர் நீளம். கிழக்குக் கரை ஜெர்மன்காரர்களுடையது, மேற்குக் கரை பெல்ஜியத்தின் காங்கோ, தெற்கு முனை பிரிட்டிஷ் ரொடீஷியா. போர் தொடங்கிய சில வாரங்களிலேயே, 1914 ஆகஸ்டில், 'ஹெட்விக் ஃபான் விஸ்மான்' என்ற ஜெர்மன் கப்பல் பெல்ஜியத்தின் நீராவிக் கப்பலைத் தாக்கி முடக்கிவிட்டது. அதற்குத் துணையாக 'கிங்கானி' என்று இன்னொன்று. ஏரி முழுசும் ஜெர்மன் கட்டுப்பாட்டுக்குப் போயிடுச்சு. எந்தக் கரையில் வேண்டுமானாலும் வந்து இறங்கலாம், அடிக்கலாம், போகலாம்.

இதுக்கு ஒரு வழி சொன்னவர் ஜான் லீ. ஆப்பிரிக்காவில் பெரிய மிருகங்களை வேட்டையாடியவர், அந்த நிலத்தை நடந்தே அறிந்தவர். 1915 ஏப்ரலில் லண்டன் கடற்படைத் தலைமையகத்தில் அட்மிரல் ஹென்றி ஜாக்சனைப் பார்த்து அவர் சொன்னது இதுதான்: பெரிய கப்பல் வேண்டாம். சின்னதா, வேகமா ஓடற மோட்டார் படகு போதும். அதைத் தென்னாப்பிரிக்காவிலிருந்து ரயில் ஏற்றி, ரயில் முடியும் இடத்திலிருந்து காட்டு வழியே இழுத்துக்கிட்டுப் போய் ஏரியில விடலாம். ஜாக்சன் சரி என்றார்.

படகுகளைக் கட்டியது தார்னிக்ராஃப்ட் கம்பெனி. ஒவ்வொன்றும் 40 அடி நீளம், இரண்டு பெட்ரோல் இன்ஜின், முன்னால் ஒரு சின்ன பீரங்கி, பின்னால் ஒரு இயந்திரத் துப்பாக்கி. படைத்தலைவராக வந்தவர் ஜெஃப்ரி ஸ்பைசர்-சிம்சன். ராசியில்லாத மனுஷர். 1914 நவம்பரில் அவர் கரையில் இருந்த நேரத்தில் அவர் பொறுப்பிலிருந்த கப்பலை ஜெர்மன் நீர்மூழ்கி மூழ்கடித்துவிட்டது. அப்புறம் நாற்காலி உத்தியோகம்தான். இவர் படகுகளுக்கு 'பூனை', 'நாய்' என்று பேர் வைக்கச் சொன்னாராம். தலைமையகம் முடியாது என்றது. உடனே 'மிமி', 'டூட்டூ' என்று எழுதிக் கொடுத்தார். அதிகாரிகளும் ஒத்துக்கிட்டாங்க. பிரெஞ்சில் அதுவும் மியாவ், லொள் லொள் தான் :-)

1915 ஜூனில் கப்பல் ஏறி, ஜூலையில் கேப் டவுன். அங்கிருந்து மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ரயில். காங்கோவில் ஃபுங்குருமே என்ற இடத்தில் தண்டவாளம் முடிந்தது. அடுத்த ரயில் பிடிக்க வேண்டிய இடம் சங்கிசியா. நடுவில் 146 மைல் (235 கிலோமீட்டர்). நடுவில் கடல் மட்டத்திலிருந்து ஆறாயிரம் அடிக்கு மேல் உயர்கிற மிட்டும்பா மலை.

இழுக்கக் கொண்டு வந்தது இரண்டு நீராவி டிராக்ஷன் இன்ஜின்கள். பழைய நீராவி ரோடு ரோலரைப் பார்த்திருக்கீங்களா? அதோட ஒண்ணுவிட்ட அண்ணன்னு வெச்சுக்கலாம். உருளைக்குப் பதிலா பெரிய பெரிய சக்கரம். பலம் ஏராளம். ஆனா இரண்டு விஷயம் வேணும், விறகும் தண்ணியும். விறகு காட்டில் கிடைக்கும். தண்ணீர்? அது வறண்ட பருவம். மழைக்காலம் வந்தால் பாதை சேறாகிவிடும் என்பதால் வறண்ட பருவத்தில்தான் போயாகணும். அப்ப பாய்லருக்குத் தண்ணீர் இருக்காது. எப்படிப் போனாலும் இடிக்குது.

வண்டிக்கு முன்னால் பாதை போடணும். மரம் வெட்டி, பாறை உடைத்து, பள்ளத்தாக்குகளுக்குக் குறுக்கே மரப் பாலங்கள் கட்டினார்கள். ஒன்றிரண்டு இல்லை, நூற்றுக்கு மேல். பல டன் இன்ஜின் ஏறினால் சில பாலங்கள் நொறுங்கும். திரும்பவும் கட்டு.

ஏத்தம் செங்குத்தா ஆனப்ப இன்ஜினால் தன்னைத்தானே இழுத்துக்கொள்ள முடிந்ததே பெரிசு. அங்கே மாடுகள் வந்தன. மேலே பலமான மரத்தில் கப்பியைக் கட்டி, கயிற்றின் ஒரு முனையைப் படகு வண்டியிலும் மறுமுனையை மாடுகளிலும் பூட்டினார்கள். மாடுகளை எந்தப் பக்கம் ஓட்டினார்கள் தெரியுமா? இறக்கத்தில், கீழ்நோக்கி. மாடு கீழே இறங்க இறங்க, படகு மேலே ஏறியது. கிணத்துல கவலை ஏற்றம் ஓட்டினவங்களுக்கு இது பழகின வித்தைதான். மாடு சரிவில் இறங்கினால் சால் மேலே வரும்.

உச்சிக்குப் போனதும் எல்லாரும் ஆரவாரம் பண்ணியிருப்பாங்க. ஆனா நான் முதல்ல சொன்ன சின்ன எழுத்து அங்கேதான் ஆரம்பிக்குது. ஏத்தத்துல கயிறு அறுந்தா படகு போகும். இறக்கத்துல பிடி நழுவினா படகும் போகும், முன்னாடி நிக்கிற ஆளும் போவான். அதனால இறங்கும்போது இழுத்த அதே மாடுகளும் கயிறுகளும் இப்போ பின்னால் நின்று பிடித்துக்கொள்ளும் வேலை பார்த்தன. இன்றைய டிரெய்லர் பிரேக் செய்கிற வேலையை, அன்று மாட்டுக் குளம்பும் மனுஷக் கையும் செய்தன.

தண்ணீருக்கு? பக்கத்துக் கிராமங்களின் பெண்கள் பல மைல் தொலைவிலிருந்து குடத்தில் சுமந்து வந்து பாய்லருக்கு ஊற்றினார்கள். குடிக்கிற தண்ணீரை அளந்து கொடுத்த நேரத்தில் இன்ஜினுக்கு மட்டும் குடம் குடமாகப் போனது. நூறு குதிரைத்திறன் பற்றியெல்லாம் பேசறோமே, அந்தத் திறன் அந்த அம்மாக்களோட தலையில் ஏறித்தான் மலைக்கு வந்தது.

செப்டம்பர் கடைசியில் சங்கிசியா வந்து சேர்ந்தார்கள். 146 மைலுக்கு சுமார் ஆறு வாரம். ஒரு நாளைக்கு நாலு மைல் கூடத் தேறாது. அப்புறம் கொஞ்ச தூரம் ரயில், லுவாலாபா ஆற்றில் தரைதட்டித் தரைதட்டி ஒரு பயணம், மறுபடி ரயில். அக்டோபர் கடைசியில் ஏரிக்கரை.

போர்ப் பகுதியைச் சுருக்கமா சொல்லிடறேன், சினிமாக்காரங்க அதை நிறைய பண்ணிட்டாங்க. 1915 டிசம்பர் 26 அன்று மிமியும் டூட்டூவும் 'கிங்கானி'யைச் சில நிமிடங்களில் அடித்துப் பிடித்தன. அதைப் பழுது பார்த்து 'ஃபிஃபி' என்று பேர் வைத்தார்கள். 1916 பிப்ரவரி 9 அன்று 'ஹெட்விக்' மூழ்கியது. ஏரி கை மாறியது.

இனிதான் எனக்கு உறுத்தற இடம். ஸ்பைசர்-சிம்சனுக்கு டி.எஸ்.ஓ. பதக்கம் கிடைத்தது. யோசனை சொன்ன, முன்கூட்டியே போய் வழி பார்த்த ஜான் லீயை நடுவழியிலேயே விலக்கித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவருக்காவது வரலாற்றில் ஒரு பெயர் இருக்கு. பாலம் கட்டினவங்க, கயிறு பிடிச்சவங்க, குடம் சுமந்தவங்க? கூட வந்த பிரிட்டிஷ்காரர்கள் முப்பது பேர் கூட இல்லை. மற்ற நூற்றுக்கணக்கான பேர் காங்கோ மக்கள். லியோபோல்ட் மன்னனின் ரப்பர் கொடுமை முடிந்து ஏழே வருஷம் ஆன காங்கோ. யாருக்கும் யாருக்கும் நடந்த சண்டையில் அவங்க தோள் மாட்டிக்கிச்சு.

வேடிக்கை என்னன்னா, ஏரிக்கரை மக்கள் ஸ்பைசர்-சிம்சனுக்கு ஒரு பேர் வெச்சாங்க. அவர் பாவாடை மாதிரி ஒண்ணைக் கட்டிக்கிட்டுத் திரிவார். அதனால "வயித்துத்துணி துரை" என்ற அர்த்தத்தில் ஒரு பட்டப்பெயர். அந்தப் பேர் புத்தகத்துல ஏறிடுச்சு. பேர் வெச்சவங்க பேர் ஏறலை.

இன்னொரு கப்பலையும் சொல்லணும். ஜெர்மன்காரர்கள் 'கிராஃப் ஃபான் கெட்சன்' என்ற பெரிய கப்பலைப் பாப்பன்பர்க் நகரில் கட்டி, மறுபடி பிரித்து, ஆயிரக்கணக்கான பெட்டிகளில் அடைத்து ஆப்பிரிக்கா கொண்டுபோய் ஏரிக்கரையில் கோர்த்தார்கள். முழுசா இழுக்க முடியாததைப் பிரிச்சு எடுத்துட்டுப் போறது அவங்க வழி. 1916 ஜூலையில் பின்வாங்கும்போது, எதிரி கையில் சிக்கக் கூடாது என்று அவர்களே மூழ்கடித்தார்கள். ஆனால் இன்ஜினுக்கு நன்றாக கிரீஸ் தடவிவிட்டுத்தான். அந்த கிரீஸ் வீண் போகலை. 1924-ல் பிரிட்டிஷ்காரர்கள் அதை மேலே எடுத்தார்கள். 1927-ல் 'லியம்பா' என்ற பெயரில் பயணிகள் கப்பலாக மீண்டும் ஓட ஆரம்பித்தது. இருபத்தொன்றாம் நூற்றாண்டிலும் சனங்களையும் மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு அதே ஏரியில் போய்வந்தது. இந்த மொத்தக் கூத்திலும் அந்தக் கரை சனங்களுக்கு மிச்சமான நல்லது அது ஒண்ணுதான்.

பி.கு: ஹம்ஃப்ரி போகார்ட்டும் கேதரின் ஹெப்பர்னும் நடித்த 'தி ஆப்பிரிக்கன் குவீன்' (1951) படத்தைப் பார்த்தவங்களுக்கு இந்தக் கதையில ஏதோ பழகின வாசனை அடிச்சிருக்கும். அதுக்கு மூலமான சி.எஸ். ஃபாரஸ்டரின் 1935 நாவலுக்கு இந்த ஏரிச் சண்டைதான் விதை. படத்துல படகை ஆத்துல இழுக்கறது போகார்ட் ஒருத்தர்தான். நிஜத்துல எத்தனை கை பிடிச்சதுன்னு இப்ப உங்களுக்குத் தெரியும்.