மேனியில் எழும் திடீர் வெப்பம்

தாயும் தமக்கையும் ஊரில் இருக்க, தில்லியிலோ கான்பூரிலோ குடித்தனம் நடத்தும் நம் பெண்டிருள் சிலர், நாற்பத்தைந்தை ஒட்டிய வயதில், தை மாதக் குளிரிலும் நள்ளிரவில் போர்வையை உதறி எழுகின்றனர். காய்ச்சல் என்று எண்ணுவோரும், இருதய நோயோ என்று அஞ்சுவோரும் உண்டு. அருகிருந்து விளக்க மூத்தோர் இல்லாத இடத்தில் அச்சம் இரட்டிக்கிறது. இவ்வெப்பத்தை மருத்துவ உலகம் அறிந்துகொண்ட வரலாற்றை நாம் சிறிது நோக்குவோம்.

மாதவிடாய் 12 வயதில் தொடங்கி 50-இல் ஓயும் என்று சுசுருத சம்ஹிதை கூறுகிறது. இப்பருவத்துக்கு ‘மெனோபாஸ்’ என்னும் பெயரை 1821-ஆம் ஆண்டில் வழங்கியவர் கார்தான் என்னும் பிரெஞ்சு மருத்துவர். ஆங்கில மருத்துவர் எட்வர்டு டில்ட் 1857-இல் வெளியிட்ட நூலில் இதன் துன்பங்களை விரித்துரைத்தார். எனினும், நெடுங்காலம் இதனை நரம்புத் தளர்ச்சி என்றும் மனக்கலக்கம் என்றும் ஒதுக்கியோர் பலர். பெண்கள் சொன்னதை அளந்து பார்க்க முனைந்தோர் சிலரே.

1975-இல் அமெரிக்க ஆய்வாளர் மோல்னார் வெளியிட்ட ஆய்வு குறிப்பிடத்தக்கது. வெப்பம் எழுந்தபோது விரலின் தோல் சூடேறிற்று, நாடி விரைந்தது, வியர்வை அரும்பிற்று. உடலின் உள்வெப்பமோ அதன்பின் சற்றுத் தாழ்ந்தது. இது காய்ச்சலும் அன்று, கற்பனையும் அன்று என்பது இவ்வாறு துலங்கிற்று. ஈஸ்ட்ரோஜன் என்னும் சுரப்பு குறையும்போது, மூளையில் உடல்வெப்பத்தை ஆளும் பகுதி சிறிய மாறுதலையும் பெரிதெனக் கொண்டு, தோலின் குருதிக் குழாய்களை விரியச் செய்கிறது என்பது பின்னர் தெளிந்த உண்மை.

அடையாளம் இதுவே: மார்பிலோ கழுத்திலோ எழுந்து முகத்துக்குப் பரவும் சூடு, படபடப்பு, வியர்வை, பின்னர்ச் சிலிர்ப்பு. பெரும்பாலும் சில நிமிடங்களில் அடங்கும். வெப்பமானி காய்ச்சலைக் காட்டாது. காய்ச்சல் உண்டெனில், உடல் மெலிந்தால், ஓராண்டு நின்ற உதிரப்போக்கு மீண்டும் தோன்றினால், மருத்துவரை நாடல் வேண்டும். மார்வலி கண்டால் உடனே செல்க.

சுரப்பு மருந்து நெடுங்காலமாக அமெரிக்காவில் வழங்கி வருகிறது. 2002-இல் அங்கு நிகழ்ந்த பேராய்வு அதன் தீங்குகளைக் காட்டியபின், வயதும் உடல்நிலையும் கருதியே மருத்துவர் அதனை அளிக்கின்றனர். சுரப்பு கலவாத மருந்துகளும் இன்று உள்ளன. ஆகவே, இல்லத்தில் ஒருவர் ‘உடம்பு தகிக்கிறது’ என்றால், ‘வீண் கவலை’ என்று தள்ளாது செவி கொடுப்போமாக. இருநூறு ஆண்டு வரலாறு நமக்கு உணர்த்துவது அதுவே.