வாசனைப் பொருள்களின் சருமப் பாதுகாப்பு ஆய்வு

முகப்பூச்சு, தைலம், சோப்பு முதலியவற்றில் மணத்தின்பொருட்டுச் சேர்க்கப்படும் ரசாயனப் பொருள்கள், தோலுக்கும் அதன் வழியே உட்சரீரத்துக்கும் தீங்கு விளைக்குமா என்று நிர்ணயிக்கும் சாஸ்திரமுறை இது. உறையின்மேல் 'பர்ஃப்யூம்' என்னும் ஒரே சொல்லில் ஒடுங்கிக் கிடக்கும் பொருள்கள் பற்பல. அவை அனைத்தும் தனித்தனியே முழுப் பரிசோதனைக்கு உள்ளானவை அல்ல.

நெடுநாள் புழக்கத்தில் இருப்பதே நிரபராதத்துக்குச் சான்று என்றிருந்த நம்பிக்கையை அசைத்தது, ஏ.இ.டி.டி. எனச் சுருக்கமாக வழங்கிய செயற்கைக் கஸ்தூரி. 1950களிலிருந்து வாசனைக் கலவைகளில் சேர்ந்து வந்த இப்பொருளை எலிகளுக்குத் தொடர்ந்து செலுத்திப் பார்த்தபோது, அவற்றின் உள்ளுறுப்புகள் நீலம் பாரித்தமையும் நரம்புகளின் மேலுறை சிதைந்தமையும் வெளிப்படவே, 1970களின் இறுதியில் அது உபயோகத்தினின்று விலக்கப்பட்டது.

அழகுப் பொருள்களுக்கான பிராணிப் பரிசோதனையை ஐரோப்பிய ஒன்றியம் 2013-இல் முற்றிலும் விலக்கிவிட்டபடியால், அதிகம் ஆராயப்படாத பொருளின் விஷயத்தில் ஆய்வாளர், தர்க்க நூலார் மொழியிற் சொன்னால், பிரத்தியக்ஷத்தை விட்டு அனுமானத்தையே பெரிதும் பற்ற வேண்டியவராகிறார். அணுவமைப்பில் நெருங்கிய உறவுடையதும் முன்பே ஆராயப்பட்டதுமான பொருளின் குணத்தை இதற்கும் ஏற்றிக் கூறுவது ஒரு வழி. உறவுப் பொருளும் கிட்டாதபோது அளவே அளவுகோலாகிறது: 1978-இல் கிராமரும் அவருடைய சகாக்களும் வகுத்த 33 வினாக்களைக் கொண்டு பொருள்களை மூன்று வகுப்பாகப் பிரித்து, ஒருவர் உடலிற் சேரக்கூடிய மொத்த அளவு முறையே நாளொன்றுக்கு 1800, 540, 90 மைக்ரோகிராமுக்கு உட்பட்டிருந்தால் கவலைக்கு இடமில்லை என்று கொள்வர். மரபணுவைச் சிதைக்கும் இயல்பு ஐயுறப்படுமாயின் அவ்வெல்லை 0.15 மைக்ரோகிராமாகச் சுருங்கும்.

ஒவ்வாமைக்கு இக்கணக்கு பொருந்தாது; உடல் முழுவதற்கும் எவ்வளவு என்பதன்று, பூசிய இடத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு எவ்வளவு என்பதே அங்கே கேள்வி. வினைத்திறன் குன்றிய பொருள்களுக்கு அவ்வெல்லை 900 மைக்ரோகிராம்.

அனுமானம் வழுக்குமிடமும் உண்டு. கொத்தமல்லி விதையிலும் லாவெண்டரிலும் உள்ள லினலூல், தூய நிலையில் தோலை எளிதில் உறுத்துவதன்று. ஆனால் திறந்த குப்பியிற் காற்றுப் பட்டு நாளடைவில் அது ஹைட்ரோபெராக்சைடுகளாக மாற, அவையோ ஒவ்வாமையைத் தூண்டுவதில் வல்லவை. ஆகவே முதுகில் பட்டை ஒட்டிச் சோதிக்கும் தோல் மருத்துவர், புதிய லினலூலை விடுத்து, காற்றில் ஆக்சிஜனேற்றம் பெற்றதையே எடுத்து வைக்கிறார்.