எதுக்கு இந்தக் கத்தி? 1801லிருந்து உங்க ட்ரெக்கிங் பை வரைக்கும்

போன சில வாரமா நமக்கு வந்த கேள்விகள்ல ஒண்ணு திரும்பத் திரும்ப வந்தது. "கேம்பிங், ஹைக்கிங் போறதுக்கு மடிக்காத கத்தி ஒண்ணு வேணும். ரொம்பப் பெருசா இருக்கக் கூடாது, விலையும் கையைக் கடிக்கக் கூடாது. எதை வாங்கலாம்?" வரலாறு பேசுற நிகழ்ச்சியில இதைக் கேட்கறீங்களேன்னு நீங்களே சிரிச்சிருப்பீங்க. ஆனா இந்தக் கேள்விக்கு நம்ம ஊர்ல 220 வருஷத்துக்கு மேல வரலாறு இருக்கு. அதைத் தெரிஞ்சுக்காம வாங்கினா, மலையடிவாரத்துல வனத்துறை செக்போஸ்ட்லயே கத்தியோட நின்னுடுவீங்க.

எனக்கு சொந்த ஊர் சிவகாசி பக்கத்துல எம். புதுப்பட்டி. சுத்தி பட்டாசு ஆலைகள், மேற்கே தொடர்ச்சி மலை. எங்க பக்கம் இரும்பைப் பத்தி யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பட்டாசு ஆலைக்குள்ள மருந்து கையாளுற இடத்துல இரும்புக் கருவிக்கு அனுமதி கிடையாது. பித்தளை, செம்பு, மரம் இந்த மாதிரி மென்மையான பொருள்ல செஞ்சதுதான் இருக்கணும்னு வெடிபொருள் விதிகள் சொல்லுது. செருப்புல இரும்பு ஆணிகூட இருக்கக் கூடாது. காரணம் எளிமையானது. கெட்டியான எஃகு கல்லுலயோ இன்னொரு இரும்புலயோ உரசும்போது அதிலிருந்து பொடிப்பொடியாகத் துணுக்குகள் பிய்ந்து வருகின்றன. அவை சூடேறி, காற்று பட்டதும் எரிகின்றன. நாம தீப்பொறின்னு சொல்றது அதைத்தான். பித்தளையில் அப்படி நடப்பதில்லை.

இந்தப் பொறிக்காகத்தான் வெளிநாட்டு கேம்பிங் வீடியோக்கள்ல கத்தியோட முதுகை ஒரு குச்சியில உரசிக் காட்டுறாங்க. அந்தக் குச்சி ஃபெரோசீரியம். ஆஸ்திரிய வேதியியலாளர் கார்ல் ஆவர் வான் வெல்ஸ்பாக் 1903இல் கண்டுபிடித்தது. பார்க்க அழகாத்தான் இருக்கு. ஆனா 1922ல ஐய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய் தீப்பெட்டித் தொழில் கத்துக்கிட்டு வந்த ஊருக்குப் பக்கத்துல பிறந்தவன் நான். 2 ரூபாய் தீப்பெட்டியை ஒரு பிளாஸ்டிக் டப்பாவுல போட்டு எடுத்துட்டுப் போங்க. கத்தி வாங்கும்போது "நெருப்பு மூட்டுமா?"ங்கற கேள்வியை விட்டுடலாம். அதனால மட்டும் பல மாடல்கள்ல விலை குறையும்.

சரி, 1801க்குப் போவோம்.

கிழக்கிந்தியக் கம்பெனிக்கு எதிராகத் தென்பாளையங்கள் நடத்திய போர் அந்த ஆண்டில் முடிவுக்கு வந்தது. அக்டோபர் 24 அன்று மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். டிசம்பர் 1 அன்று சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் ஒரு பிரகடனம் வெளியிட்டார். தென்சீமையில் யாரும் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது, மீறினால் மரண தண்டனை வரை போகும் என்பது அதன் சாரம். கோட்டைகள் இடிக்கப்பட்டன. துப்பாக்கி, ஈட்டி எல்லாம் ஒப்படைக்கப்பட வேண்டும். இன்னைக்கு விருதுநகர், சிவகங்கை, தூத்துக்குடின்னு நாம சொல்ற பகுதி முழுக்க ஒரே உத்தரவில் நிராயுதபாணி ஆக்கப்பட்டது.

அதுல எனக்கு மறக்க முடியாத ஒரு ஆள், கம்பெனிப் படை அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ். போருக்கு முன்னால் அவருக்கு ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றுக்கொடுத்தவரே சின்ன மருதுதான். 1830இல் வெளிவந்த தன் ராணுவ நினைவுக் குறிப்புகளில் வெல்ஷ் இதை எழுதுகிறார். கத்துக்கொடுத்தவரைத் தேடிப்பிடிச்ச படையிலேயே அவரும் இருந்தார்.

வளரிக்கு அப்புறம் என்ன ஆச்சு? இன்னைக்கு அதை அருங்காட்சியகத்துலயும், சில குடும்பங்களோட சாமி அறையிலயும்தான் பார்க்கலாம். ஆனா அருவாள்? எங்க ஊர்ல எந்த வீட்டுக் கூரை இடுக்குலயும் ஒண்ணு சொருகியிருக்கும். என் கணிப்பு இது: வளரியைக் கொண்டு விறகு வெட்ட முடியாது, அருவாளால் முடியும். உழைக்கிறவன் கையில இருந்த கருவியைப் பிடுங்கினா வெள்ளாமை நிக்கும், வெள்ளாமை நின்னா வரி நிக்கும். கம்பெனிக்கு அது நல்லாவே தெரியும்.

இந்தப் பிரிவினை அதோட முடியலை. 1878ல லிட்டன் காலத்து ஆயுதச் சட்டம் வந்தது. சுதந்திரத்துக்குப் பின் 1959ல புதுச் சட்டம் வந்தது. அதில் "ஆயுதம்" என்பதற்கான வரையறை தாக்கவோ தற்காக்கவோ வடிவமைத்த பொருள்களைச் சொல்லுது. வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் மட்டுமே செய்யப்பட்டவற்றை விலக்கி வைக்குது. லத்தியும் சாதாரணக் கைத்தடியும் அந்த விலக்குக்கு உதாரணமா பேர் சொல்லியே இருக்கு. அதன் கீழ் வந்த விதிகளில் ஒரு அளவும் உண்டு. 9 அங்குலத்துக்கு மேல் நீளம் அல்லது 2 அங்குலத்துக்கு மேல் அகலம் உள்ள வாள், குத்துவாள், கத்தி வகைகள் ஆயுதப் பட்டியலில் வரும். வீடு, விவசாயம், அறிவியல், தொழில் ஆகியவற்றுக்காகச் செய்தவை வராது. அதாவது சட்டம் உங்க கத்தியைப் பார்த்து கேட்கறது ஒரே கேள்வி: எதுக்கு இது?

உங்களுக்குத் தேவையானது 4லிருந்து 6 அங்குல வாய் உள்ள கத்தி. அதனால அளவைப் பொறுத்தவரை நீங்க அந்தக் கோட்டுக்கு ரொம்ப உள்ளே இருக்கீங்க. 1982ல 'ஃபர்ஸ்ட் பிளட்' படத்துல ராம்போ வெச்சிருந்தாரே, அந்தக் கத்தியோட வாய் 9 அங்குலம். கைப்பிடி உள்ளே வெற்றிடம், அதுக்குள்ள தூண்டில், தீக்குச்சி. படத்துக்குச் செஞ்சது நல்ல கைவேலைதான். அதைப் பார்த்து காப்பியடிச்சு இன்னைக்கு ஆன்லைன்ல விக்கிற மலிவு சரக்குல, வாய்க்கும் கைப்பிடிக்கும் நடுவுல ஒரு குட்டி திருகாணிதான் பிடிமானம். ஒரு விறகுல ரெண்டு தட்டு தட்டினா தலை தனியா வந்துடும். தயவுசெஞ்சு வாங்காதீங்க.

பெரிய கத்தி மோகம் ராம்போவோட ஆரம்பிச்சதுன்னு நினைக்க வேண்டாம். அமெரிக்காவுல ஜார்ஜ் வாஷிங்டன் சியர்ஸ்னு ஒருத்தர் இருந்தார். செருப்பு தைக்கிறவர், சின்ன உடம்பு. 'நெஸ்மக்'ங்கற பேர்ல எழுதுவார். 1884ல வந்த 'வுட்கிராஃப்ட்' புத்தகத்திலேயே கடைகள்ல விக்கிற தடிமனான, பயமுறுத்துற வேட்டைக் கத்திகளை அவர் கிண்டல் பண்ணிட்டார். அவர் எடுத்துட்டுப் போனது ஒரு சின்னக் கைக்கோடாலி, மெல்லிசா ஒரு மடிக்காத கத்தி, பாக்கெட்ல ஒரு மடக்குக் கத்தி. மூணுக்கும் தனித்தனி வேலை.

எங்க பக்கத்துப் பனையேறிகளும் அதே மாதிரிதான். பாளை சீவுற அருவாள் வேற, மட்டை கழிக்கிறது வேற. இடுப்புல கட்டியிருக்கற அருவாப்பெட்டியைப் பார்த்திருக்கீங்களா? மரத்து மேல ஏறும்போது கத்தி தன்னைத்தானே வெட்டாம இருக்க, கெட்டியான உறை அது. கத்தி வாங்கறவங்க உறையைக் கடைசியாப் பார்க்கறாங்க. பனையேறி முதல்ல அதைத்தான் பார்ப்பார். கத்தியைத் தலைகீழாப் பிடிச்சு உதறிப் பாருங்க. உறையிலிருந்து நழுவினா அந்தக் கத்தி எவ்வளவு நல்லா இருந்தாலும் வேண்டாம்.

இப்போ இரும்புக்கு வருவோம். இங்கதான் கதை கொஞ்சம் பெருமையும் வலியும் கலந்தது. ஈரோடு பக்கத்துக் கொடுமணல் அகழாய்வில் இரும்பு, எஃகு உருக்கிய உலைகளின் தடயங்கள் கிடைத்தன. 'உக்கு', 'உருக்கு' என்ற நம் சொற்கள்தான் ஆங்கிலத்தில் 'வூட்ஸ்' ஆனது என்பார்கள். 1 சதவீதத்துக்கு மேல் கார்பன் உள்ள, மூடிய மண்குகையில் உருக்கிய எஃகு. லண்டன் கத்தி வியாபாரி ஜேம்ஸ் ஸ்டோடார்ட் இதைக் கொண்டாடினார். அவரோடு சேர்ந்து இதை ஆராய்ந்தவர் மைக்கேல் ஃபாரடே. மின்சாரத்தால் புகழ்பெறுவதற்கு முன், 1819இல், ஃபாரடே எழுதிய கட்டுரைகளில் ஒன்று இந்திய எஃகைப் பற்றியது. அவர் ஒரு கொல்லரின் மகன் என்பதும் ஞாபகம் இருக்கட்டும்.

1830இல் ஜோசையா மார்ஷல் ஹீத் பரங்கிப்பேட்டையில் பெரிய இரும்பு ஆலை தொடங்கினார். அது நிலைக்கவில்லை. அதே நூற்றாண்டில் இங்கிலாந்திலிருந்து மலிவான இரும்பு வந்து குவிந்தது. கரிக்குத் தேவையான காடும் சர்க்கார் கைக்குப் போனது. ஊர் உலைகள் ஒவ்வொன்றாக அணைந்தன. உருக்குறவர் போனார், அடிக்கிறவர் மட்டும் மிஞ்சினார். அந்தக் கொல்லர் கையில் கிடைத்த பழைய இரும்பை அடித்தார். லாரிகள் வந்த பிறகு அவருக்கு அதிர்ஷ்டம் அடித்தது: லாரிப் பட்டை.

லாரிக்கு அடியில அடுக்கடுக்கா வளைஞ்சு இருக்குமே, அந்த வில் பட்டைதான். சுமார் 0.6 சதவீதம் கார்பன் உள்ள ஸ்பிரிங் எஃகு. வளைஞ்சாலும் உடையாது. மதுரைக்கும் மானாமதுரைக்கும் நடுவுல இருக்கற திருப்பாச்சேத்தியோட அருவாள்கள் பேர் வாங்கினதுல இந்தப் பட்டைக்குப் பெரிய பங்கு உண்டு. கருப்பசாமிக்கு நேர்த்திக்கடனா ஆளுயர அருவாளும் அங்கதான் அடிக்கறாங்க. கொல்லர் முழுக் கத்தியையும் தண்ணியில முக்க மாட்டார். வாய்ப் பகுதிக்கு மட்டும் தோய்ச்சல் கொடுப்பார். அதனால வாய் கெட்டியா இருக்கும், முதுகு கொஞ்சம் மெத்துனு அடியைத் தாங்கும். இதையே வெளிநாட்டுக் கம்பெனி ஒண்ணு பண்ணினா பெட்டி மேல பெருசா எழுதி விலையை மூணு மடங்கு வைப்பாங்க.

விலை குறைவா, நல்லா இருக்கறதுக்கு வெளிநாட்டு உதாரணம் வேணும்னா ஸ்வீடன்ல மோரா. தச்சர், விவசாயி, மீனவர் எல்லாருக்கும் தினக் கத்தி. உழைக்கிறவங்களுக்காக ஆயிரக்கணக்குல செஞ்சதால மலிவு. சுமார் 4 அங்குல வாய், பிளாஸ்டிக் உறை. ட்ரெக்கிங்ல சமையல், கயிறு, குச்சி சீவறதுக்கு அது தாராளம். கடலோரம், மழைக்காடு போறவங்க அதுலயே துருப்பிடிக்காத எஃகுல வாங்கலாம்.

ஆனா எனக்கு ஊர்ப் பட்டறை மேலதான் சாய்வு. நீங்க கொல்லர்கிட்ட போனா இப்படிக் கேளுங்க: "அண்ணே, வாய் அஞ்சு இஞ்சு, முதுகு நாலு எம்எம்முக்குள்ள, ஒரு பக்கம் மட்டும் கூர். இரும்பு வால் கைப்பிடியோட கடைசி வரைக்கும் வரணும்." ரெண்டு பக்கமும் கூர் வேண்டாம். அது குத்துவாள் வடிவம், அதோட கட்டைவிரல் வெச்சு அழுத்த முதுகு வேணும். பழைய பட்டையில கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம். அதனால லேசா தட்டிப் பாருங்க, கிண்ணுனு சத்தம் வரணும், சொத்தையா கேட்டா வேற எடுங்க. வீட்டுக்கு வந்ததும் தேங்காய் எண்ணெய் தடவி வைங்க.

அங்க உங்க பேரு, ஊரு, போன் நம்பர் கேட்டா கோவிச்சுக்காதீங்க. 2021 செப்டம்பர்ல ரவுடிகள் மேல மாநிலம் முழுக்க சோதனை நடத்தினப்போ, கத்தி, அருவாள் செய்யறவங்களும் விக்கிறவங்களும் வாங்கறவங்க விவரத்தை எழுதி வைக்கணும்னு தமிழ்நாடு போலீஸ் சொன்னது. 1801ல ஊரையே பார்த்துக் கேட்ட கேள்வி, இப்போ கொல்லரோட நோட்டுல ஒரு கட்டம். யாரோ ஒருத்தன் செஞ்ச கொலைக்கு, ஆயுசு முழுக்க களைவெட்டி அடிச்ச மனுஷன் சந்தேகத்தோட பார்க்கப்படறது எனக்கு உவப்பா இல்லை. ஆனாலும் நோட்டுல உண்மையான பேரை எழுதிட்டு வாங்க.

கடைசியா, நிறைய பேருக்குத் தெரியாத விஷயம். எங்க ஊர்லேர்ந்து மேற்கே தெரியற மலையில ஸ்ரீவில்லிபுத்தூர் சாம்பல் நிற அணில் சரணாலயம் இருக்கு. 1988ல அறிவிச்சது. 2021ல அந்தக் காடு ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகத்துல சேர்ந்தது. சதுரகிரிக்கு தாணிப்பாறையிலேர்ந்து நீங்க ஏறறது இந்தக் காட்டுக்குள்ளதான். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல "ஆயுதம்"ங்கறதுக்கு வரையறை வேற. அங்க வில், அம்பு, வலை, கண்ணி, விஷம் இவற்றோட கத்தியும் பேர் சொல்லியே இருக்கு. நீளம் எவ்வளவுங்கற பேச்சே இல்லை. எழுத்து மூலமான முன் அனுமதி இல்லாம ஆயுதத்தோட சரணாலயத்துக்குள்ள நுழையக் கூடாது. ஆயுதச் சட்டத்துல விவசாயக் கருவியா இருக்கற அதே அஞ்சு இஞ்சுக் கத்தி, செக்போஸ்ட்டைத் தாண்டினா ஆயுதம்.

2018 மார்ச்ல குரங்கணி காட்டுத்தீயில ட்ரெக்கிங் போனவங்க இறந்தாங்களே, அதுக்கு அப்புறம் விதிகள் இறுகிடுச்சு. 2024 அக்டோபர்ல வனத்துறையே 40 பாதைகளை வழிகாட்டிகளோட திறந்தது. அந்தப் பாதைகள்ல பழம் நறுக்கறதுக்கு மேல உங்களுக்குக் கத்தி வேலை வராது. அந்தப் பழத்தை வீட்டுலயே நறுக்கி டப்பாவுல போட்டுடுங்க. உங்க அஞ்சு இஞ்சுக் கத்தி தனியார் தோட்டத்து கேம்புக்கு, ஆத்தங்கரை சமையலுக்கு, நண்பரோட தோப்புக்கு. அங்க விறகு பொளக்கணும்னா கத்தி முதுகுல கல்லால அடிக்காதீங்க, காய்ஞ்ச மரக்கட்டையால தட்டுங்க. கல்லால அடிச்சா முதுகு பிதுங்கும், பொறியும் பறக்கும்.