பணியிடைக் கல்வி: ஆலைத் தொழிலாளர் மின்னணுவியலும் கணினியியலும் பயிலும் முறை பற்றிய ஓர் ஆய்வு

1. வரையறை

முழுநேர ஊதியப் பணியில் இருப்பவர், அப்பணியை விடாமல், பட்டமோ சான்றிதழோ தரும் பாடத்திட்டம் ஒன்றைப் பயில்வதைப் பணியிடைக் கல்வி என்று வழங்குகிறோம். நிறுவனமே தரும் சில நாள் பயிற்சி இதில் சேராது. தமிழ்நாட்டில் டிப்ளமோ முடித்து ஆலைகளில் மின்பராமரிப்புப் பணி பார்ப்போரே நம் ஆய்வுப்பொருள்.

மேலும் இரு கலைச்சொற்கள் வேண்டும். கருவி எப்படிப் பழுதாகும், எதை மாற்றினால் ஓடும் என்று கைப்பழக்கத்தால் அறிந்திருப்பது விளைவறிவு. ஏன் அவ்வாறு ஆகிறது என்பதை அளவோடு சொல்ல வல்லது காரணவறிவு. முழுநேர மாணவர் காரணவறிவில் தொடங்குகிறார். பணியிடை மாணவரிடம் விளைவறிவு முன்பே நிரம்பியிருக்கிறது. இந்த வேறுபாட்டைப் பாடத்திட்டம் கணக்கில் கொள்ளவேண்டும் என்பதே நம் கோட்பாடு.

2. வழிகள்

வழிகள் மூவகைப்படும். முதலாவது மாலைநேரக் கல்லூரி. கோவையில் பி.எஸ்.ஜி., சி.ஐ.டி., அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி ஆகியவை பணியில் உள்ள டிப்ளமோதாரருக்குப் பகுதிநேர பி.இ. நடத்தி வந்துள்ளன, 7 பருவம், அதாவது மூன்றரை ஆண்டு. இரண்டாவது தொழில்முறை அமைப்புகளின் தேர்வு: 1920இல் நிறுவப்பட்ட இந்தியப் பொறியாளர் நிறுவனத்தின் ஏ.எம்.ஐ.இ., 1953இல் தோன்றிய மின்னணு, தொலைத்தொடர்புப் பொறியாளர் நிறுவனத்தின் ஏ.எம்.ஐ.இ.டி.இ. ஆகியவை. இவற்றுக்கு முன்பிருந்த பட்டச் சமநிலை 31-5-2013க்குப் பின் சேர்ந்தோருக்குத் தொடரவில்லை. மூன்றாவது கணினிக்கு மட்டும் உரியது: டோயெக் அமைப்பின் ஓ, ஏ, பி, சி என்னும் படிநிலைச் சான்றிதழ்கள். அவ்வமைப்பே 2011 முதல் நீலிட் எனப்படுகிறது.

அஞ்சல்வழிப் பொறியியலை நான்காம் வகையாக நாம் கொள்ளவில்லை. உரிய ஒப்புதலின்றி நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் அவ்வழியில் வழங்கிய பட்டங்களை 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஏற்க மறுத்தது. ஆய்வகம் இல்லாமல் மின்னணுவியல் இல்லை என்பதால் அம்முடிவு சரியானதே என்பது நம் கருத்து.

3. விளைவிலிருந்து காரணத்துக்கு

பழைய மின்மாற்றி வகைப் பவர் சப்ளை ஒன்றை எடுத்துக்கொள்வோம். லோடு ஏறும்போதெல்லாம் கட்டுப்பாட்டு கார்டு ரீசெட் ஆகிறது. அனுபவமுள்ள ஃபிட்டர் மூடியைத் திறந்து, தலை உப்பிய கெபாசிட்டரைக் கழற்றிப் புதிதாக ஒன்றைப் பற்றவைத்துவிடுவார். இது விளைவறிவு, குறைத்து மதிப்பிடத் தக்கதன்று. இப்பழுதின் காரணம் ஒரு வகுத்தலில் அடங்கும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் முழு அலைத் திருத்தியில் நொடிக்கு 100 துடிப்புகளாகிறது. ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் இடையே லோடுக்கு மின்னோட்டம் தருவது கெபாசிட்டர். மின்னோட்டத்தை, துடிப்பெண், கொள்ளளவு ஆகியவற்றின் பெருக்கற்பலனால் வகுத்தால் மின்னழுத்தச் சிற்றலை ஏறக்குறையக் கிடைக்கும். 1 ஆம்பியருக்கு 4700 மைக்ரோஃபாரட் இருந்தால் சிற்றலை சுமார் 2.1 வோல்ட். உள்ளே ஈரம் உலர்ந்து கொள்ளளவு பாதியானால் சுமார் 4.3 வோல்ட். அலையின் அடித்தளம் மின்னழுத்த ஒழுங்காக்கிக்குத் தேவையான அளவுக்குக் கீழே இறங்கியதும் கார்டு ரீசெட் ஆகிறது.

கணினியியலிலும் இதே நிலைதான். மோட்டார் ஸ்டார்ட்டரின் ஹோல்டிங் காண்டாக்டைத் தினமும் கையாள்பவர் பச்சைப் பொத்தானிலிருந்து விரலை எடுத்த பின்னும் மோட்டார் ஓடுவதை அறிவார். ஒரு பிட் நினைவகம் என்பதும் அதுவே. தன் வெளியீட்டைத் தனக்கே உள்ளீடாக்கிக்கொண்ட சுற்று. ஃபிளிப்ஃப்ளாப் பாடத்தை இங்கிருந்து தொடங்கும் ஆசிரியர் ஒரு வாரத்தை மிச்சப்படுத்துகிறார்.

4. நிலைகள்

விளைவறிவு காரணவறிவாகும் மாற்றம் மூன்று நிலைகளில் நிகழ்கிறது. கண்ணால் கண்ட பழுதை ஆசிலோஸ்கோப்பில் அளந்து பார்ப்பது முதல் நிலை. அளந்ததைச் சமன்பாடாக எழுதுவது இரண்டாம் நிலை. இன்னும் நிகழாத பழுதைக் கணக்கிட்டு முன்னுரைப்பது மூன்றாம் நிலை. மாணவர் பெரும்பாலும் தேங்குவது இரண்டாம் நிலையில். வகைக்கெழுச் சமன்பாடும் லாப்லாஸ் மாற்றமும் ஆலையில் எங்கும் எதிர்ப்படாதவை. அவற்றைத் தாங்கும் விளைவறிவு அவரிடம் இல்லை. எனவே பகுதிநேர வகுப்பில் கணிதத்துக்கு முழுநேர வகுப்பைவிடக் கூடுதல் நேரம் ஒதுக்குவது இன்றியமையாதது. செய்முறை அறிமுகத்தைக் குறைத்து அந்நேரத்தைப் பெறலாம்.

5. தடை

களைப்பைப் பெருந்தடையாகச் சொல்வது வழக்கம். களைப்போடு படித்துத் தேறியவர் பலர். அதனினும் பெரிய தடை ஷிப்ட் மாற்றம். பிற்பகல் ஷிப்ட் வரும் வாரத்தில் மாலை வகுப்பு முழுவதும் தவறுகிறது. விட்டுப்போன பாடத்தைப் புத்தகத்தில் படித்துக்கொள்ளலாம். விட்டுப்போன ஆய்வகத்தை அவ்வாறு ஈடுசெய்ய இயலாது. ஆலை நிர்வாகத்தாரிடம் நாம் வேண்டுவது ஒன்றுதான்: படிக்கும் தொழிலாளிக்கு ஆய்வகப் பருவம் முடியும்வரை காலை ஷிப்டையே கொடுங்கள்.