நூறு கிலோமீட்டரில் டென்மார்க்

ஐரோப்பாப் படத்தின் தலைமாட்டில், பனியும் கடலுமாகக் கிடக்கும் டென்மார்க், நார்வே, ஸ்வீடன் ஆகிய தேசங்களை ஸ்காண்டிநேவியா என்று ஒரே பெயரால் அழைக்கிறார்கள். கையில் நாலு காசு சேர்ந்தவர்கள் இப்போதெல்லாம் அந்தப் பக்கத்து நகரங்களுக்கு மூன்று நாள், நாலு நாள் உல்லாசப் பிரயாணம் போய்வருகிறார்கள். திரும்பி வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். கடலோரத்தில் ஒரு பழைய கோட்டை, ராஜாவின் பெயரால் ஒரு வீதி, முந்நூறு வருஷத்துத் தேவாலயம், ஒரு காட்சிசாலை, சாயங்காலம் காலாற நடப்பதற்கு ஓர் அலைக்கரை என்று வரிசையாகச் சொல்வார்கள்.

இத்தனையும் நெய்வேலியிலிருந்து ஏறத்தாழ நூறு கிலோமீட்டரில் இருக்கின்றன. பாஸ்போர்ட் வேண்டாம், கம்பளிச் சட்டையும் வேண்டாம். ஆர்ச் கேட்டில் பஸ் ஏறினால் வடலூர், சேத்தியாத்தோப்பு வழியாகச் சிதம்பரம், கொள்ளிடத்தைத் தாண்டிச் சீர்காழி, திருக்கடையூர், அதற்கப்பால் தரங்கம்பாடி. அசல் ஸ்காண்டிநேவியாவில் இருப்பவற்றில் குளிர் ஒன்றுதான் அங்கே கிடைக்காது.

உல்லாசத்துக்காக மட்டும் இந்த யோசனையைச் சொல்லவில்லை. நான் நெய்வேலிக் குடியிருப்பில் வாழ்கிறவன். பழுப்பு நிலக்கரி என்ற ஒரே ஒரு சரக்குக்காக உண்டான ஊர் எங்களுடையது. தரங்கம்பாடிக்குள் எழுந்த டேனிஷ் நகரமும் அப்படித்தான், மிளகு என்ற ஒரு சரக்கை நம்பி உண்டாயிற்று. சரக்கு போன பிறகு ஒரு ஊரில் என்ன மிஞ்சும் என்று தெரிந்துகொள்ள விரும்பும் எவரும் அங்கே இரண்டு நாள் தங்கிப் பார்க்கலாம்.

டேனிஷ்காரர்கள் இங்கே வந்து சேர்ந்த கதை, எந்த நாவலாசிரியனும் எழுதத் தயங்கும் அளவுக்குத் தற்செயல்கள் நிறைந்தது. டென்மார்க்கின் அரசர் நான்காம் கிறிஸ்டியன் 1616இல் ஒரு கிழக்கிந்தியக் கம்பெனியைத் தொடங்கி வைத்தார். கம்பெனி இருந்தது; போவதற்கு இடம் இல்லை. அந்தச் சமயத்தில் மார்செலிஸ் போஷவர் என்ற டச்சுக்காரர் கண்டி ராஜாவின் தூதர் என்று சொல்லிக்கொண்டு வந்து சேர்ந்தார். போர்ச்சுகீசியரை எதிர்க்க உதவினால் இலங்கையில் வியாபார உரிமை கிடைக்கும் என்றார். அவர் சொல்லை நம்பி 1618இல் கப்பல்கள் புறப்பட்டன. தலைமை தாங்கியவர் ஓவே ஜெட்டே. அவருக்கு வயது இருபத்து நாலு கூட நிரம்பவில்லை!

ஒன்றரை வருஷம் கடலில் கழிந்தது. மாலுமிகள் நோயில் மடிந்தார்கள். போஷவரும் வழியிலேயே இறந்துபோனார். 1620இல் இலங்கையை அடைந்து கண்டி ராஜாவிடம் ஒப்பந்தத்தைக் காட்டியபோது, அதை ஏற்க அவர் மறுத்துவிட்டார்.

இதற்கிடையில், முன்னதாக அனுப்பப்பட்ட ஒரு கப்பலைப் போர்ச்சுகீசியர் காரைக்கால் அருகே தாக்கி அழித்தார்கள். அதிலிருந்த ரோலண்ட் கிராப்பே என்பவர் சிலரோடு கரையேறித் தப்பினார். பிடிபட்ட அவரைத் தஞ்சாவூருக்குக் கொண்டுபோனார்கள். அங்கே அரியணையில் இருந்தவர் ரகுநாத நாயக்கர். சங்கீதத்திலும் சாகித்தியத்திலும் பெயர் பெற்றவர். ஐரோப்பியரில் ஒரு கூட்டத்தாரையே நம்பியிருப்பதைவிட இன்னொரு கூட்டத்தாரும் வருவது நல்லது என்று அந்த ரசிக மன்னர் கணக்குப் போட்டிருக்க வேண்டும். 1620 நவம்பரில் ஒப்பந்தம் ஆயிற்று. தரங்கம்பாடியில் கோட்டை கட்டிக்கொள்ளவும், மிளகு வியாபாரம் செய்யவும் டேனிஷ்காரர்கள் அனுமதி பெற்றார்கள். ஆண்டுதோறும் தஞ்சைக்குக் குத்தகைப் பணம் கட்ட வேண்டும். நாயக்கர் டென்மார்க் அரசருக்குத் தங்கத் தகட்டில் தமிழில் ஒரு கடிதம் அனுப்பினார். அது இன்றும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கிறது.

ஒரு விஷயத்தை மறக்கக் கூடாது. வந்தவர்கள் வெறும் மணல்மேட்டில் வந்து இறங்கவில்லை. மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்து மாசிலாமணி நாதர் கோயில் 1306 முதல் அந்தக் கரையில் நிற்கிறது. அதன் கல்வெட்டு ஊரைச் சடங்கன்பாடி என்றும் குலசேகரன்பட்டினம் என்றும் சொல்கிறது. கோட்டைக்கு அஸ்திவாரம் தோண்டியபோதே கோயிலுக்கு முந்நூறு வயது கடந்திருந்தது.

முதலில் பார்க்க வேண்டியது ஊரின் வாசல். எங்கள் ஆர்ச் கேட்டைப்போல இங்கும் ஒரு வளைவுக்குள் நுழைந்துதான் ஊருக்குள் போக வேண்டும். 1792இல் திருப்பிக் கட்டிய அந்த வாசலில் டென்மார்க் அரசரின் முத்திரை இருக்கிறது. உள்ளே நேராக ஓடுகிறது ராஜ வீதி. வீதியின் கடைசியில் மைதானம். மைதானத்துக்கு அப்பால் கடலைப் பார்த்தபடி டான்ஸ்போர்க் கோட்டை. கீழே கிடங்குகளும் சிறையும், மேலே அதிகாரிகளின் அறைகளும் என்று கட்டியிருக்கிறார்கள். இப்போது அது காட்சிசாலை. டேனிஷ் காசுகளும் பீங்கான்களும் பழைய தஸ்தாவேஜுகளும் கண்ணாடிப் பெட்டிகளில் இருக்கின்றன.

கோட்டையின் மேல்தளத்தில் நின்று கடலைப் பார்க்கும்போது, கோங்ஸ்பாக்கேயை நினைத்துக்கொள்ளுங்கள். எஸ்கில்ட் ஆண்டர்சன் கோங்ஸ்பாக்கே ஒரு சாதாரணச் சிப்பாய். 1640 வாக்கில் டென்மார்க்கிலிருந்து கப்பல் வருவது நின்றுவிட்டது. ஐரோப்பாவில் யுத்தம், கஜானாவில் பணம் இல்லை, 1650இல் கம்பெனியையே கலைத்துவிட்டார்கள். கோட்டையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக இறந்தார்கள். 1655இல் தலைமை அந்தச் சிப்பாயின் கைக்கு வந்தது. ஊதியம் கொடுக்க ஆள் இல்லை, உத்தரவு போடவும் ஆள் இல்லை. தஞ்சாவூரோ குத்தகைப் பாக்கியைக் கேட்டது. வங்காளக் கப்பல்களைப் பிடித்து, அந்தப் பணத்தில் ஊரைச் சுற்றி மதில் எழுப்பினார். தர்மமான சம்பாத்தியம் என்று சொல்ல முடியாது. கொடியை மட்டும் அவர் இறக்கவே இல்லை. 1669இல், ஏறக்குறைய முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு, ஒரு டேனிஷ் கப்பல் தெரிந்தது. அதில் வந்தவர்கள் கோட்டை இன்னும் தங்களுடையதாகவே இருப்பதைக் கண்டார்கள், சிப்பாயையே கவர்னராக்கினார்கள்.

பிறகு வியாபாரம் மறுபடி தழைத்தது. மிளகைவிடப் பருத்தித் துணி முக்கியமான சரக்கு ஆயிற்று. அடிமைகளாக விற்கப்பட்ட மனிதர்களும் இந்தக் கரையிலிருந்து கப்பல் ஏறியிருக்கிறார்கள் என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். இங்கிலீஷ்காரரும் பிரெஞ்சுக்காரரும் சண்டை போட்ட காலங்களில் நடுநிலைக் கொடி பிடித்த டேனிஷ் கப்பல்களுக்கு நல்ல லாபம். ஆனால் கம்பெனிக் கணக்கில் ஏறிய லாபம் எதையும் இன்று ராஜ வீதியில் பார்க்க முடியவில்லை. பார்க்க முடிவது வேறொன்று.

ராஜ வீதியில் 1718இல் கட்டிய புதிய எருசலேம் ஆலயம் இருக்கிறது. அதற்குள் அடக்கம் செய்யப்பட்டிருப்பவர் பர்த்தலோமேயு சீகன்பால்க். அவர் ஜெர்மானியர். டென்மார்க் அரசர் நான்காம் பிரெடரிக் அனுப்ப, 1706 ஜூலையில் கரை இறங்கினார். கம்பெனி அதிகாரிகளுக்கு அவரைப் பிடிக்கவில்லை; கோட்டைச் சிறையில் நாலு மாதம் அடைத்தும் வைத்தார்கள். அவரோ ஒரு திண்ணைப் பள்ளிக்கூட வாத்தியாரைத் தம் வீட்டுக்கு அழைத்து, சிறுபிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் அகர வரிசை எழுதிப் பழகினார். பிறகு ஏடுகளைத் தேடி ஆள் அனுப்பினார்; காலமான வித்துவான்களின் மனைவியரிடம் இருந்த சுவடிகளை விலைக்கு வாங்கினார். இரண்டே வருஷத்தில், 1708இல், நூற்றுக்கு மேற்பட்ட தமிழ் நூல்களுக்கு அவர் தயாரித்த விவரப் பட்டியலில் தொல்காப்பியமும் திருக்குறளும் இடம் பெற்றன.

அச்சு யந்திரம் லண்டனிலிருந்து வந்தது. வழியில் பிரெஞ்சுக்காரர்கள் கப்பலைப் பிடித்தார்கள். மீட்டுக் கொண்டுவருவதற்குள் அச்சுக்காரர் இறந்துவிட்டார். தமிழ் எழுத்துக்கள் ஜெர்மனியில் ஹாலே நகரில் வார்க்கப்பட்டு 1713இல் வந்தன. அவை பெரிதாக இருந்ததால் காகிதம் கட்டவில்லை. ஆகவே இங்கேயே சிறிய எழுத்துக்களை வார்த்தார்கள். காகிதம் செய்யப் பக்கத்துப் பொறையாற்றில் ஒரு பட்டறையும் வைத்தார்கள். தமிழ் அச்சேறியது அதுவே முதல் தடவை அல்ல. 1578இல் கொல்லத்தில் ஒரு தமிழ்ப் புத்தகம் அச்சாகியிருக்கிறது. ஆனால் இடையில் அறுந்துபோன இழையை மறுபடி எடுத்தது இந்த ஊர்தான்.

மதம் பரப்ப வந்தவர் அவர். அதில் ஒளிவுமறைவு இல்லை. ஆனால் தமிழர்களின் தெய்வங்களைப் பற்றி அவர் எழுதி அனுப்பிய பெரிய நூலை ஹாலே நகரத்துப் பெரியவர்கள் அச்சிட மறுத்தார்கள். இதற்காகவா உம்மை அனுப்பினோம் என்ற தோரணையில் பதில் வந்தது. நூல் ஒன்றரை நூற்றாண்டு தூங்கி, 1867இல் சென்னையில் வெளியாயிற்று. 1719இல் இறந்தபோது அவருக்கு வயது முப்பத்தாறு.

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். ஸ்வீடன் தேசத்துத் தாவர சாஸ்திரி லின்னேயஸின் மாணவரான கோனிக், 1768இல் மிஷன் வைத்தியராகத் தரங்கம்பாடிக்கு வந்தார். வைத்தியத்தைவிடச் செடிகொடிகளில்தான் அவருக்கு மோகம். நம் வீட்டுப் பெண்மணிகள் தினம் தாளிக்கும் கறிவேப்பிலைக்குத் தாவர சாஸ்திரம் கொடுத்த பெயரில் அந்தக் கோனிக்கின் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ரசத்திலிருந்து எடுத்து ஓரமாக ஒதுக்கும்போது ஒரு வினாடி யோசிக்கலாம்!

1845இல் டென்மார்க், தரங்கம்பாடியையும் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு இங்கிலீஷ்காரருக்கு விற்றது. 225 வருஷத்து ஆட்சி ஒரு கையெழுத்தில் முடிந்தது. கொஞ்ச காலம் தஞ்சாவூர் ஜில்லாக் கலெக்டர் இங்கே இருந்தார்; 1860இல் அவரும் போனார். ரயில் நாகப்பட்டினத்துக்குப் போயிற்று. 1926இல் மாயவரத்திலிருந்து தரங்கம்பாடிக்கு வந்த சின்ன ரயிலும் 1980களில் நின்றுபோனது. கடல் மாசிலாமணி நாதர் கோயிலின் முன்பகுதியைத் தின்றது. 2004 டிசம்பர் 26இல் ஒரே காலைப்பொழுதில் நூற்றுக்கணக்கானவர்களைக் கொண்டுபோயிற்று. மீனவர்கள் மறுபடியும் படகு தள்ளினார்கள். டேனிஷ்காரர்களுக்கு முன்னும் அவர்கள் அங்கே இருந்தார்கள், பின்னும் இருக்கிறார்கள்.

இரண்டாம் நாள் காலையில் பழைய கல்லறைத் தோட்டத்தைப் பார்த்துவிட்டு, சீகன்பால்க் வாழ்ந்த வீட்டையும் பார்த்துவிட்டு, பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மிளகுக்காகக் கட்டியவற்றில் சுவர்கள் மிஞ்சியிருக்கின்றன. உலகம் அந்த ஊரின் பெயரைச் சொல்வதோ ஒரு தங்கத் தகட்டுக் கடிதத்துக்காகவும், மணலில் எழுதிப் படித்த அகர வரிசைக்காகவும், ஒரு செடியின் பெயருக்காகவும்தான். அந்த மண்ணிடம் யாரோ கேட்டுத் தெரிந்துகொண்டவை நிலைத்திருக்கின்றன.

நெய்வேலியில் ஜம்புலிங்க முதலியார் 1935 வாக்கில் தண்ணீருக்காகத் தம் நிலத்தைத் துளைத்தபோது கறுப்பாக ஏதோ வந்தது. 1956இல் நிறுவனம் ஏற்பட்டது. 1957இல் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். 1961இல் நிலக்கரி தெரிந்தது. 1962இல் ரஷ்ய உதவியோடு மின்சாரம் வந்தது. அந்த முதல் அனல்மின் நிலையம் 2020இல் ஓய்வு பெற்றுவிட்டது. எங்கள் வட்டங்களில் இருப்பவர்களுக்கும் அதே விதி. ஐம்பத்தெட்டு, அறுபது வயதானால் வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டு, தாங்கள் நட்ட பலா மரத்தைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே புறப்பட வேண்டும். நாங்கள் எல்லோரும் ஒரு வகையில் குத்தகைதாரர்கள்.

இந்தக் குடியிருப்புக்கும் சுரங்கத்துக்கும் பல கிராமங்கள் நிலம் கொடுத்தன. அவற்றில் கோயில் இருந்தது, குளம் இருந்தது, களத்துமேடு இருந்தது. அவற்றின் பெயர்களை எங்கள் குழந்தைகளில் எத்தனை பேர் சொல்வார்கள்? அந்த ஊர்க்காரர்களில் வயதானவர்கள் சிலர் இன்னும் சுற்றுப்புறத்தில் இருக்கிறார்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தோடு அவர்கள் திண்ணையில் போய் உட்காருவதற்கு நூறு கிலோமீட்டர் கூடப் போக வேண்டாம். தரங்கம்பாடியிலிருந்து திரும்பிய அடுத்த ஞாயிற்றுக்கிழமையே தொடங்கிவிடலாம்.