ஒருமிப்பும் மறுப்பும்: ஒரு தர்க்க விதியின் இரண்டு பிறவிகள்

'ஒருமித்த கருத்து' என்று யாராவது ஆரம்பித்தாலே நம்மில் பலருக்குச் சந்தேகம் வந்துவிடுகிறது. யார் குரலை அமுக்கி இந்த ஒருமிப்பு? கணிதத் தர்க்கத்திலும் இதே பெயரில் ஒரு விதி உண்டு. அதன் வரலாறு நம் சந்தேகத்தைக் கூர்மையாக்கும்.

இரண்டு கூற்றுகள். 'கூட்டம் நடக்கும் அல்லது அறிக்கை வெளிவரும்.' 'கூட்டம் நடக்காது அல்லது மறியல் நடக்கும்.' இரண்டும் உண்மையென்றால், கூட்டம் நடந்தாலும் நடக்காவிட்டாலும், அறிக்கை வெளிவரும் அல்லது மறியல் நடக்கும். எதிரெதிராக நின்ற சொல் விலகுகிறது, எஞ்சியவை சேர்கின்றன. அவ்வளவுதான்.

ஜார்ஜ் பூல் 1847இல் தர்க்கத்தை இயற்கணிதமாக்கத் தொடங்கினார். 1937இல் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வேடொன்றில் ஆர்ச்சி பிளேக் இந்த விதியின் மறுபக்கத்தை எழுதினார்: 'உம்'மால் கட்டிய உறுப்புகளை 'அல்லது'வால் கோத்தால் என்ன ஆகும் என்று. 'கூட்டமும் அறிக்கையும், அல்லது கூட்டமின்மையும் மறியலும்' என்ற வாக்கியத்தோடு 'அல்லது அறிக்கையும் மறியலும்' என்று சேர்க்கலாம், பொருள் மாறாது. 1954இல் சாம்சனும் மில்ஸும், 1955இல் குவைனும் இதையே மறுபடி கண்டுபிடித்தார்கள். 'ஒருமிப்பு' என்று பெயர் வைத்தவர் குவைன். வாய்பாடுகளைச் சுருக்குவதே நோக்கம்.

1965இல் ராபின்சன் இதே நகர்வை எதிர்த்திசையில் திருப்பினார். நிறுவ வேண்டியதை மறுத்துவிட்டு, கூற்றுகளை ஒன்றோடொன்று மோதவிட வேண்டும். எதுவுமே மிஞ்சாத வெற்றுக் கூற்று வந்தால் அந்த மறுப்பு தோற்றது. கணினி தேற்றங்களை நிறுவ இது வழியானது. ஒரே விதி: அங்கே இணக்கத்தைச் சேர்க்கிறது, இங்கே முரணை அம்பலப்படுத்துகிறது.

சரி, மூலக் கூற்றுகள் என்ன ஆயின? விஷயமே இதில்தான் இருக்கிறது. 'அறிக்கை அல்லது மறியல்' என்ற முடிவை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, கூட்டம் எதோடு பிணைந்திருந்தது என்று திரும்பிப்போய்ச் சொல்ல முடியாது. 1960இல் டேவிஸும் புட்னமும் தந்த முறையில் மூலங்களைக் கழித்துவிடலாம். ஆனால் அந்தச் சொல்லை ஏற்கிற ஒவ்வொரு கூற்றையும் மறுக்கிற ஒவ்வொன்றோடும் மோதவிட்ட பிறகுதான். கூற்றுகள் பெருகிக் குவியும். 1985இல் ஹேக்கன் நிறுவினார்: புறாக்கள் கூண்டுகளைவிட ஒன்று அதிகமென்றால் ஏதோவொரு கூண்டில் இரண்டாவது இருக்கும் என்ற, குழந்தைக்கும் தெரிந்த விஷயத்தை இந்த விதியால் மட்டும் நிறுவ, படிகள் அடுக்குக்குறி வேகத்தில் பெருகியே தீரும்.

முரணை நேர்மையாகக் கழிக்க இவ்வளவு செலவாகிறது. ஒரே மாலையில் ஒருமிப்பு எட்டிவிட்டதாகச் சொல்கிறவர்களிடம், எந்தக் கூற்றை மோதவிடாமலே கழித்தீர்கள் என்று கேட்கத்தான் வேண்டும்.