கிட்டங்கியும் செக்ரோலும்: பேராக்கில் தமிழர் கணக்குப் படித்த கதை

படிவம் நான்குக்குப் பாடம் தேர்ந்தெடுக்கும் நேரம் வந்தால் ஒவ்வோர் ஆண்டும் ஒரே பேச்சைக் கேட்கிறேன். "அக்கவுண்ட்ஸ் எல்லாம் நமக்கு வராது டீச்சர்." சொல்வது பெரும்பாலும் தோட்டத்திலிருந்து டவுனுக்கு வந்த குடும்பத்துப் பிள்ளைகள். வருமா வராதா என்பது அவரவர் உழைப்பைப் பொறுத்தது, அது வேறு விஷயம். அந்த "நமக்கு" என்ற சொல்தான் என்னை உறுத்துகிறது. நம் பேராக் மாநிலத்தில் தமிழன் கணக்கு எழுதிய வரலாறு இந்தப் பிள்ளைகளுக்குத் தெரியாது. சொல்லிக் கொடுக்க வேண்டிய நாமும் சொல்வதில்லை. கணக்கியல் படிக்கும் மாணவர்களும் தமிழ் ஆசிரியர்களும் சேர்ந்து படிக்கலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஈப்போவுக்கு வாருங்கள். லாஹாட் சாலைப் பக்கம் போனவர்களுக்கு அங்குள்ள தண்டாயுதபாணி கோயில் தெரியும். நகரத்தார் எங்கே தொழில் நடத்தப் போனார்களோ அங்கே முருகனும் போனார். பக்கத்திலேயே கிட்டங்கியும் வந்தது. கிட்டங்கி என்பது நீளமான கூடம். ஒரே கூடத்தில் பல கடைகள். ஒவ்வொருவருக்கும் தரையில் ஓர் இடம், முன்னால் ஒரு மரப்பெட்டி. அவ்வளவுதான் ஆபீஸ். கிந்தா பள்ளத்தாக்கில் ஈயச் சுரங்கக்காரருக்கும், ரப்பர் நட்ட சிறு தோட்டக்காரருக்கும், கடைக்காரருக்கும் இப்படிப்பட்ட பெட்டிகளிலிருந்துதான் கடன் போனது.

அந்தப் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர் எப்படித் தயாரானார்? இன்று "தொழில்முறைத் திறன்" என்று பல்கலைக்கழகம் தனிப் பாடமாக வைத்திருப்பதை அவர்கள் வேலையிலேயே படித்தார்கள். செட்டிநாட்டில் திண்ணைப் பள்ளியில் எண்சுவடி மனப்பாடம். பிறகு நாகப்பட்டினத்தில் கப்பலேறி பினாங்கு. இங்கே வந்தால் முதலில் பெட்டியடிப் பையன்: கூட்டுவது, கடைக்குப் போவது, கடிதம் கொண்டு கொடுப்பது, பெரியவர் கணக்கு எழுதுவதைப் பக்கத்தில் இருந்து பார்ப்பது. அடுத்த நிலை அடுத்தாள். அதற்கும் மேலே மேலாள், அதாவது ஏஜெண்டு. சம்பளம், தவணை எல்லாம் சம்பளச் சீட்டில் எழுதியிருக்கும். பொதுவாக மூன்றாண்டுத் தவணை. அந்தத் தவணைக்கே "கணக்கு" என்றுதான் பெயர். முதலாளி ஊரில் இருப்பார். கடையை நேரில் பார்க்கமாட்டார். கடிதத்தோடு போகும் கணக்கு நகலைப் பார்த்துத்தான் ஆளை எடைபோடுவார். கணக்கு சுத்தமில்லையென்றால் அடுத்த தவணைக்கு அழைப்பு வராது.

எண்சுவடியைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இன்றைய பிள்ளைகள் பின்னத்தைக் கண்டால்தான் பயப்படுகிறார்கள். தமிழ்ப் பின்னங்களுக்குத் தனித்தனிப் பெயர் உண்டு. அரை, கால், அரைக்கால் (1/8) வரை எல்லாருக்கும் தெரியும். அதற்குக் கீழே மாகாணி 1/16, மா 1/20, காணி 1/80, அரைக்காணி 1/160, முந்திரி 1/320. மாகாணி என்ற பெயரைப் பிரித்துப் பாருங்கள். மாவும் காணியும்: 1/20 + 1/80 = 5/80 = 1/16. பெயருக்குள்ளேயே கூட்டல் இருக்கிறது! 16க்கும் 20க்கும் மீச்சிறு பொது மடங்கு 80. அதுதான் காணி. ரூபாய்க்கு 16 அணா இருந்த காலத்தில் ஓர் அணா என்பது ஒரு ரூபாயில் மாகாணி. இதை ஏழெட்டு வயதில் வாயால் சொல்லிச் சொல்லிப் பழகிய பையனுக்கு வட்டிக் கணக்குக்குத் தாளும் பென்சிலும் தேவைப்பட்டிருக்காது. மனப்பாடம் கூடாது என்று இன்று நாம் பயிற்சிப் பட்டறையில் பேசுகிறோம். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை.

வட்டிக்கு வருவோம். "நூற்றுக்கு ஒரு வட்டி" என்றால் மாதம் ஒரு விழுக்காடு. 1000 வெள்ளிக்கு ஆண்டுக்குத் தனிவட்டி 120 வெள்ளி. அதையே மாதாமாதம் முதலோடு சேர்த்தால் ஆண்டு முடிவில் 1126 வெள்ளி 83 காசு. வித்தியாசம் 6 வெள்ளி 83 காசு. படிவம் மூன்று கணிதத்தில் வரும் கூட்டு வட்டிதான் இது. நகரத்தார் தங்களுக்குள் கொடுத்து வாங்கிய பணத்துக்கு "நடப்பு வட்டி" என்று ஒன்று வைத்திருந்தார்கள். கடைக்காரர்கள் கோயிலில் கூடி, சந்தையில் பணம் தட்டுப்பாடா தாராளமா என்று பார்த்து, அந்த விகிதத்தை நிர்ணயிப்பார்கள். மத்திய வங்கி இன்று கூட்டம் போட்டு வட்டி விகிதம் அறிவிக்கிறதே, சிறிய அளவில் அதே வேலை.

இப்போது தேர்வு மாணவர்களுக்கான இடம். டெபிட், கிரெடிட் குழப்பம். தமிழில் டெபிட் பற்று, கிரெடிட் வரவு. உடனே ஒரு கை எழும். "காசு உள்ளே வந்தா வரவுதானே டீச்சர்? ஆனா கேஷ் அக்கவுண்ட்ல டெபிட்னு போடச் சொல்றாங்களே?" நியாயமான கேள்வி. பேரேட்டை எப்படி எழுதினார்கள் என்று தெரிந்தால் குழப்பம் போய்விடும். பேரேட்டில் பக்கம் ஒவ்வோர் ஆளின் பெயரில் இருக்கும். முருகன் 100 வெள்ளி வாங்கிப் போனால், முருகன் பக்கத்தில் பற்று 100, அவன் பற்றிக்கொண்டான். 40 வெள்ளி திருப்பிக் கொடுத்தால், அவனிடமிருந்து வந்தது, வரவு 40. மீதி 60 பற்று, அதாவது அவன் கடனாளி. இப்போது பணப்பெட்டியையும் ஓர் ஆளாக நினைத்துக்கொள்ளுங்கள். முருகன் கொடுத்த 40ஐ யார் வாங்கிக்கொண்டது? பெட்டி. ஆகவே ரொக்கக் கணக்கில் அது பற்று. நீங்கள் வங்கியில் போட்ட பணம் வங்கி அனுப்பும் அறிக்கையில் கிரெடிட் என்று வருவதும் இதனால்தான். அது வங்கியின் ஏடு; உங்களிடமிருந்து வந்தது, உங்கள் பெயரில் வரவு.

கிட்டங்கியைப் புகழ்ந்துவிட்டு நிறுத்தினால் வரலாறு பாதியாகிவிடும். 1930களின் பொருளாதார மந்தத்தில் ரப்பர் விலை விழுந்தது. கடனைக் கட்ட முடியாதவர்களின் நிலம் கடன் கொடுத்தவர் கைக்குப் போனது. மலாய் ஒதுக்கீட்டு நிலத்தை மற்றவர்களிடம் அடமானம் வைக்க முடியாதபடி 1933இல் சட்டம் இறுக்கப்பட்டதற்கு இந்தப் பயமும் ஒரு காரணம். இன்னொன்று, இந்தக் கணக்குக் கல்வி ஒரு சமூகத்துக்குள்ளேயே சுற்றியது. லயத்துப் பிள்ளைக்கு அதில் இடமில்லை.

லயத்தில் கணக்கு இல்லையா? இருந்தது. ஆனால் அது தொழிலாளியைப் பற்றிய கணக்கு, தொழிலாளி எழுதிய கணக்கு அல்ல. விடியுமுன் பெரட்டு. யார் வந்தார், யார் வரவில்லை என்று கிராணி செக்ரோலில் குறிப்பார். வேலை செய்த நாட்களைக் கூட்டி, முன்பணத்தைக் கழித்து, சம்பளம் போடுவார். கங்காணிக்கோ வேலைக்கு வந்த ஆள் கணக்கில் தலைக்காசு. பால் நிறுக்கும் இடத்தில் இன்னொரு கணக்கு. வாளியில் இருப்பது முழுக்க ரப்பர் அல்ல, பெரும்பகுதி தண்ணீர். மெட்ரோலாக் என்ற கருவியை விட்டுப் பார்த்து உலர்ந்த ரப்பர் எத்தனை விழுக்காடு என்று சொல்வார்கள். 20 கிலோ பாலில் 33 விழுக்காடு என்றால் 6.6 கிலோ. அதையே 30 என்று வாசித்தால் 6 கிலோ. அந்த 600 கிராம் வித்தியாசத்தை யார் கேட்பது? விழுக்காடு தெரிந்தவர்தான் கேட்க முடியும்.

என் பாட்டி பள்ளிக்கூடம் போனதில்லை. ஆனால் தன் பாலின் எடையை ஒரு மாதம் வரை தலையிலேயே வைத்திருப்பார். சம்பளத்தன்று குறைந்தால் உடனே தெரியும். எழுத்தில் காட்ட முடியாததால் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

1923 தொழிலாளர் சட்டப்படி, பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வைக்க வேண்டும். வைத்தார்கள், பெயருக்கு. எழுத்தும் கூட்டல் கழித்தலும் கிடைத்தன. அதற்கு மேலே போக ஈப்போவில் இருந்த ஆங்கிலப் பள்ளிக்குத்தான் வர வேண்டும். கட்டணம், பயணம், மொழி மூன்றும் தடை. கிராணி வேலைக்கு ஆங்கிலம் படித்த யாழ்ப்பாணத்தாரும் மலையாளிகளும் வந்ததற்கு இதுவே காரணம். அறிவு வித்தியாசம் ஒன்றுமில்லை.

சம்பளத்தையும் ஒரு கணக்காகப் பாருங்கள். முக்கிய வட்டாரங்களில் ஆணுக்கு நாளுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்றிருந்தது 1930இல் 40, 32 ஆனது. இரண்டிலும் ஐந்தில் ஒரு பங்கு வெட்டு. அப்படி வெட்டியபின் ஆணுக்குக் கிடைத்தது முன்பு பெண்ணுக்குக் கிடைத்த அதே 40 காசு. பெண்ணின் கூலி இரண்டு முறையும் ஆணின் கூலியில் ஐந்தில் நான்கு. அரிசி, துணி, மற்ற செலவு என்று அதிகாரிகள் போட்ட ஒரு பட்ஜெட்டின் மேல்தான் இந்தத் தொகை நின்றது. யாருடைய வயிற்றுக்கு அந்தப் பட்ஜெட்டோ அவர்கள் அதைப் போடவில்லை. 1936 கடைசியில் மலாயாவுக்கு வந்து நிலைமையைப் பார்த்த சீனிவாச சாஸ்திரி பழைய 50, 40 காசையே திரும்பக் கொடுக்கச் சொல்லிப் பரிந்துரைத்தார்.

கணக்கு தொழிலாளி பக்கம் திரும்பியது போருக்குப் பிறகுதான். 1954இல் தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கம் உருவானது. ரப்பர் விலையோடு சம்பளத்தை இணைக்கும் ஒப்பந்தங்களைப் பேச, சங்கத்துக்காரர்கள் விலைப் பட்டியலை வாசிக்க வேண்டியிருந்தது. அதே காலத்தில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் துண்டு போட்டார்கள். வேலையும் வீடும் சேர்ந்தே போயின. நம் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பங்கு 100 வெள்ளி. மாதம் பத்துப் பத்தாகக் கட்டலாம். தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேசினார். அடுத்த ஆண்டே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தைச் சங்கம் வாங்கியது. செக்ரோலில் வெறும் பெயராக இருந்த ஆள் பங்குதாரர் ஏட்டில் ஏறிவிட்டார்.

இதற்கெல்லாம் பிறகுதான், 1967 கணக்காளர் சட்டத்தின் மூலம், மலேசியக் கணக்காளர் கழகம் வந்தது. கணக்காளர் என்பது சட்டம் காக்கும் பட்டமானது. கிட்டங்கியில் பார்த்துப் பழகிய கணக்கும், செக்ரோலைத் தப்பில்லாமல் போட்ட அனுபவமும் அந்தப் பட்டத்துக்குத் தகுதியாக எண்ணப்படவில்லை. தேர்வுதான் வாசல், அதன் மொழி ஆங்கிலம். இந்த இடைவெளியைத்தான் நம் பிள்ளைகள் "நமக்கு வராது" என்று தவறாகப் பெயர் சொல்கிறார்கள் என்பது என் எண்ணம்.

ஆசிரியர்களுக்கு ஒரு யோசனை. வீட்டில் பழைய சம்பளச் சீட்டு, பங்குப் பத்திரம், சீட்டுப் புத்தகம் எது இருந்தாலும் கொண்டுவரச் சொல்லுங்கள். போன ஆண்டு ஒரு மாணவன் தாத்தாவின் கூட்டுறவுப் பங்குப் பத்திரத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொண்டுவந்தான். "இது பற்றா வரவா டீச்சர்?" என்று கேட்டான். யாருடைய ஏட்டில் என்று திருப்பிக் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு வெண்பலகையில் இரண்டு பக்கம் வரைந்தான். சங்கத்தின் ஏட்டில் தாத்தா பெயரில் வரவு 100. தாத்தாவின் ஏட்டில் சங்கத்தின் பெயரில் பற்று 100.